கிளை, கயிறு, மெஷின்: மரம் வெட்டுவோர் கேள்வி பதில்

மரம் ஏறுபவர்கள், மெஷின் வாள் பிடிப்பவர்கள், வாசலில் பெரிய மரத்தை வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நிற்பவர்கள் என மூன்று தரப்பிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கிப் பதில் தருகிறோம்.

வேப்ப மரத்தில் தொடை கனமுள்ள கிளையை அறுக்கும்போது, பாதி தாண்டியதுமே கிளை தொங்கி, தண்டுப் பட்டையை முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு விழுகிறது. வாளை மாற்ற வேண்டுமா?
— வாசகர், கும்பகோணம்

வாளில் குறையில்லை. மேலிருந்து ஒரே வெட்டில் முடிக்கப் பார்க்கிறீர்கள். கிளையின் பாரம் முழுவதும் அடிப்பக்கத்து நாரில்தான் நிற்கிறது. அந்த நார் அறுபடுவதற்குள் பாரம் இழுத்துவிடுவதால்தான் பட்டை கிழிகிறது. வேம்பு, புங்கன், புளி போல நார் கெட்டியான மரங்களில் இது இன்னும் மோசம்.

மூன்று வெட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வெட்டு அடியிலிருந்து. தண்டிலிருந்து ஒன்று, ஒன்றரை அடி தள்ளி, கிளையின் கீழ்ப்பக்கத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரை அறுங்கள். வாளை மரம் கவ்வத் தொடங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள். இரண்டாவது வெட்டு மேலிருந்து, முதல் வெட்டுக்கு ஓரிரு அங்குலம் வெளிப்பக்கமாக. கிளை முறியும்போது கிழிசல் அடிவெட்டு வரை வந்து அங்கேயே நின்றுவிடும். தண்டில் மிஞ்சுவது ஒன்றரை அடிக் குச்சம், அதாவது குட்டைத் துண்டு. பாரம் இல்லாத அந்தக் குச்சத்தை மூன்றாவது வெட்டில் நிதானமாக எடுக்கலாம்.

அந்த மூன்றாவது வெட்டு எங்கே விழுகிறது என்பதில்தான் தொழில் இருக்கிறது. கிளை தண்டோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். மேல் கவையில் பட்டை சுருங்கி ஒரு வரப்பு போல எழும்பியிருக்கும். கீழே லேசாக உப்பியிருக்கும். அந்த உப்பலைக் கிளைக் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். வெட்டு அந்தக் கழுத்துக்கு வெளியே, அதை உரசாமல் போக வேண்டும். தண்டோடு வழவழவென்று சமமாக அறுத்தால் பார்க்க அழகாக இருக்கும், வீட்டுக்காரரும் மெச்சுவார். ஆனால் காயம் பெரிதாகிறது, அதை மூடக்கூடிய கழுத்தும் போய்விடுகிறது. அரை அடி குச்சம் விட்டாலும் தப்பு. அது காய்ந்து உளுத்து, அழுகல் உள்ளே இறங்க வழி கொடுக்கும்.

ஒரு வருடம் கழித்து அதே மரத்தைப் போய்ப் பாருங்கள். காயத்தைச் சுற்றிப் புதுப் பட்டை முழு வளையமாக உருண்டு வந்திருந்தால் வெட்டு சரி. பக்கவாட்டில் மட்டும் வளர்ந்து, மேலும் கீழும் வெறுமனே இருந்தால் கழுத்தை வெட்டியிருக்கிறீர்கள்.

வெட்டிய இடத்தில் சாணி, தார், பெயின்ட், எதைப் பூசுவது?
— வாசகி, விழுப்புரம்

சரியான இடத்தில் வெட்டியிருந்தால் எதுவும் வேண்டாம். அழுகலை மரம் உள்ளேயே தடுப்புக் கட்டி அடைக்கிறது. மேலே பூசுவது அதற்கு உதவாது. தாரும் பெயின்டும் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்துக் கெடுதல்தான் செய்யும். பூஞ்சை நோய் கண்ட கொய்யா, எலுமிச்சை போன்ற பழமரங்களுக்கு மட்டும் போர்டோ பசை பூசலாம். 1 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 1 கிலோ சுண்ணாம்பு, மொத்தம் 10 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியே கரைத்துப் பிறகு சேர்க்க வேண்டும். பாத்திரம் பிளாஸ்டிக்காகவோ மண்ணாகவோ இருக்கட்டும், இரும்பு வேண்டாம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் தூங்குமூஞ்சி மரத்தை மொட்டையடித்துவிடலாம் என்று வெட்டுபவர் சொல்கிறார். காற்றுக்கு விழாது என்கிறார். சரியா?
— வாசகர், வேளச்சேரி, சென்னை

இந்த வருடம் விழாது. மூன்றாவது வருடம் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

மொட்டையடித்த முண்டில் பட்டைக்கு அடியிலிருந்து கொத்துக் கொத்தாகத் தளிர் கிளம்பும். பழைய கிளை தண்டின் உள்கட்டையோடு பின்னி வளர்ந்தது. இந்தப் புதுக்கிளை மேல்தோலில் ஒட்டிக்கொண்டு நிற்பது. இரண்டு மூன்று வருடத்தில் அது கை கனம், கால் கனம் ஆகிவிடும். அதற்குள் அடியில் இருக்கும் முண்டு, மூட முடியாத பெரிய காயத்தோடு உளுத்துக்கொண்டிருக்கும். அடுத்த புயலில் ஒடிந்து கார் மேல் விழுவது இந்தக் கிளைதான்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் சாய்ந்த மரங்களில் பல, வேரோடு பெயர்ந்தவை. தண்டு வரை சிமென்ட் போட்டிருந்தாலோ, கேபிளுக்கும் மழைநீர்க் கால்வாய்க்கும் பள்ளம் தோண்டி ஒரு பக்க வேரை அறுத்திருந்தாலோ, தலையைக் குறைத்து மட்டும் மரத்தைக் காப்பாற்ற முடியாது. தண்டு விட்டத்தைப் போல மூன்று மடங்கு தூரத்துக்குள் வேரை வெட்டியிருந்தால், அந்த மரத்தைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். 2 அடி விட்டமுள்ள மரத்துக்கு அந்த எல்லை 6 அடி.

என்ன செய்யலாம்? முதலில் பட்டுப்போனது, ஒன்றையொன்று உரசுவது, விரிசல் கண்டது எல்லாவற்றையும் எடுங்கள். பிறகு நீண்டு தொங்கும் கிளைகளின் நுனிப் பாரத்தைக் குறையுங்கள். குறைக்கும்போது நடுவில் துண்டிக்காமல், ஒரு பக்கக் கிளை பிரியும் இடம் வரை போய் வெட்டுங்கள். அந்தப் பக்கக் கிளை, வெட்டப்படுகிற கிளையில் மூன்றில் ஒரு பங்கு கனமாவது இருக்க வேண்டும். அப்போதுதான் அது தலைமை எடுத்துக்கொள்ளும், தளிர்க் கொத்து கிளம்பாது. ஒரு வருடத்தில் மொத்தப் பச்சையில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். உள்பக்கத்துச் சிறு கிளைகளையெல்லாம் வழித்துவிட்டு நுனியில் மட்டும் குடுமி விடுகிற பழக்கமும் வேண்டாம். பாரம் முழுக்க நுனிக்குப் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். "கூலி வேண்டாம், கட்டையை நான் எடுத்துக்கிறேன்" என்று வருகிறவருக்கு எடை போடத் தடித்த கிளைதான் வேண்டும், நுனி விறகு வேண்டாம். அவர் மொட்டையடிக்கத்தான் சொல்வார். எந்தக் கிளை, எந்தக் கவை வரை என்று சுண்ணாம்பால் குறி போட்டு, கூலி பேசி, கட்டைக்குத் தனியாக விலை வையுங்கள்.

மெஷின் வாளில் செயின் புதுசு, இரண்டே நாளில் மாவு மாவாகத் தூள் வருகிறது. வெட்டும் நேராகப் போகாமல் ஒரு பக்கம் இழுக்கிறது.
— வாசகர், பொள்ளாச்சி

தூள் மாவாக வந்தால் செயின் மழுங்கிவிட்டது. கூரான பல் செதில் செதிலாகத் தள்ளும். சாலையோர மரமாக இருந்தால் முதலில் தண்டைத் தடவிப் பாருங்கள்; விளம்பரத் தட்டி அடித்த ஆணிகள் பட்டைக்குள் புதைந்திருக்கும். ஒரே ஆணி ஒரு செயினைத் தீர்த்துவிடும். தரையோடு ஒட்டித் தூரை அறுத்தால் மண்ணும் அதே வேலையைச் செய்யும். ஆகவே தூரைச் சுற்றி மண்ணைக் கொத்தித் துடைத்துவிட்டு அறுங்கள்.

தீட்டுவதற்குச் சரியான உருட்டு அரம் வேண்டும்; செயினின் கண்ணி அளவைப் (அங்குலத்தில்) பொறுத்து அதன் தடிமன் மாறும். சிறிய மெஷினில் வரும் 3/8 லோ புரொஃபைல் செயினுக்கு 4 மி.மீ., .325 செயினுக்கு 4.8 மி.மீ., பெரிய 3/8 செயினுக்கு 5.2 மி.மீ. செயின் பெட்டியில் அளவு போட்டிருக்கும். கடையில் இருப்பதை வாங்கித் தேய்த்தால் பல்லின் கொக்கி வடிவம் கெட்டுவிடும். பல்லின் மேல் இருக்கும் சாய்கோட்டைப் பார்த்து, பெரும்பாலும் 30 டிகிரியில், உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளுங்கள். திரும்ப இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை, இரண்டோ மூன்றோ தள்ளு போதும். மிகவும் குட்டையான பல்லைக் கண்டுபிடித்து, மற்றதையெல்லாம் அந்த நீளத்துக்குக் கொண்டு வாருங்கள்.

வெட்டு ஒரு பக்கம் இழுப்பதற்குக் காரணமும் இதில்தான் இருக்கிறது. வலது கைக்காரர்களுக்கு ஒரு பக்கத்துப் பல் வசமாக வரும், மறுபக்கம் வராது. பல் கூராகவும் நீளமாகவும் உள்ள பக்கத்துக்கு மெஷின் இழுக்கும். தீட்டிய பிறகும் இழுத்தால் பாரை, அதாவது செயின் சுற்றி ஓடும் இரும்புத் தகட்டை, கழற்றிப் பாருங்கள். ஒரு பக்க விளிம்பு தேய்ந்து சாய்ந்திருக்கும். செயின் மாற்றும்போதெல்லாம் பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் இது வராது.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன முட்டு இருக்கிறது. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று அளப்பது அதுதான். மூன்று நான்கு முறை தீட்டியதும் தட்டை அரத்தால் அதையும் கொஞ்சம் இறக்க வேண்டும்; பல்லுக்கும் முட்டுக்கும் 0.65 மி.மீ. இடைவெளி பொதுவான அளவு. அவசரப்பட்டு அதிகம் இறக்கினால் மெஷின் மரத்தைக் கவ்வி உதறும். பார் நுனியின் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால் மெஷின் முகத்துக்கு நேராக எகிறும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. பல்லுக்கு முன்னால் உள்ள அந்த முட்டு அதிகம் தேய்ந்தால் அதற்கு அழைப்பு வைத்த மாதிரி.

செயின் எண்ணெய்க்குப் பதில் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுகிறவர்கள் பலர். அதில் உலோகத் தூள் கலந்திருக்கும். பாரின் பள்ளத்தையும் ஆயில் பம்பையும் அரித்துவிடும். ஆயில் வருகிறதா என்று பார்க்க, பார் நுனியை வெளுத்த கட்டைக்கு அரை அடி மேலே பிடித்து வேகம் கொடுங்கள். கோடாக எண்ணெய் தெறிக்க வேண்டும். பெட்ரோலில் 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் கலவை மெஷின் புத்தகத்தில் உள்ளபடிதான்: 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி., 25க்கு 1 என்றால் 40 மி.லி. இப்போது பங்க்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல், ஈரத்தை இழுக்கும். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் கேனில் வைக்காதீர்கள். வேலை இல்லாத நாட்களில் டேங்கைக் காலி செய்து, மெஷின் தானாக நிற்கும் வரை ஓட்டி வையுங்கள்.

வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் நிற்கும் மரத்தைத் துண்டு போட்டு இறக்கும்போது நீல நைலான் கயிறு அறுந்துவிட்டது. எத்தனை மி.மீ. கயிறு வாங்க வேண்டும்?
— வாசகர், திருநெல்வேலி

கடையில் நைலான் என்று தரும் நீலக் கயிறும் மஞ்சள் கயிறும் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். வெயிலில் கிடந்தால் நைந்துபோகும். கிளையில் உரசி ஓடும்போது சூட்டில் இளகும். வைக்கோல் கட்ட நல்ல கயிறு. கட்டை இறக்குவதற்குப் பாலியஸ்டர் கயிறு வாங்குங்கள், 12 மி.மீ.க்குக் குறையாமல். அதன் அறுபடும் எடையைக் கேட்டு வாங்கி, அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பாரம் ஏற்றாதீர்கள். முடிச்சுப் போட்ட இடத்தில் கயிறு தன் பலத்தில் மூன்றில் ஒரு பங்கை, சில முடிச்சுகளில் அதற்கும் மேலே, இழக்கிறது.

ஆனால் உங்கள் கயிறு அறுந்ததற்குத் தடிமன் மட்டும் காரணமாக இருக்காது. பச்சை மரம் கன மீட்டருக்குச் சுமார் 1,000 கிலோ என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 1 அடி விட்டம், 3 அடி நீளத் துண்டு ஏறக்குறைய 65 கிலோ. விட்டம் 2 அடியானால் அதே நீளம் 260 கிலோவைத் தாண்டும். விட்டம் இரண்டு மடங்கானால் எடை நான்கு மடங்கு. இதை ஐந்தாறு அடி விழவிட்டுச் சட்டென்று நிறுத்தினால், கயிற்றின் மேல் வரும் இழுப்பு எடையைப் போலப் பல மடங்கு. ஆள் ஏறி நிற்கும் தண்டும் சேர்ந்து குலுங்கும்.

மேலே உறுதியான கவை இருந்தால் கப்பியை அங்கே கட்டுங்கள். துண்டு விழாமல் தொங்கும். மேலே ஒன்றும் இல்லை, வெட்டும் இடத்துக்குக் கீழேதான் கப்பி என்றால் துண்டைச் சிறிதாக்குங்கள். கயிறு பிடிப்பவர் மரத்தூரில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, சட்டென்று இறுக்காமல், துண்டை ஓடவிட்டு மெல்ல மெல்லப் பிடித்து நிறுத்த வேண்டும். கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. அவர் நிற்கும் இடம் துண்டு இறங்கும் கோட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

கட்டை இறக்கிய கயிற்றில் ஆள் ஏறக் கூடாது. ஏறும் கயிறு தனி, அதற்குத் தனிப் பை. வண்டியில் பேட்டரியோடு போட்டு எடுத்துப் போகாதீர்கள். அமிலம் பட்ட நைலான் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே செத்திருக்கும். ஒவ்வொரு நாளும் கயிறு முழுவதையும் விரலால் உருவிப் பாருங்கள். ஓரிடம் மெத்தென்று அமுங்கினாலும், கண்ணாடி போல வழுவழுத்து இறுகியிருந்தாலும் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிடுங்கள். மேலே மெஷின் ஓடும்போது இரண்டு இடத்தில் கட்டியிருக்க வேண்டும்: ஒன்று ஏறும் கயிறு, இன்னொன்று இடுப்பிலிருந்து தண்டைச் சுற்றிய வார். மெஷின் ஒன்றைத் தொட்டுவிட்டாலும் மற்றது தாங்கும்.

தைல மரம் சாய்த்தபோது தண்டு நெட்டுக்குப் பிளந்து பின்பக்கம் எகிறியது. ஏன்?
— வாசகர், புதுக்கோட்டை

சாய்ந்த மரம், நேர் நார், மெதுவான பின்வெட்டு (சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அறுப்பது). மூன்றும் சேர்ந்தால் இப்படித்தான். பின்வெட்டு முடிவதற்குள் மரம் சாயத் தொடங்குகிறது. முன்னால் அறுபடாமல் இருக்கும் கட்டை மடங்க முடியாமல் மேல்நோக்கிப் பிளக்கிறது. பிளந்த பாதி பின்னால் நிற்பவரின் நெஞ்சுக்கு நேரே வரும்.

சாயும் பக்கம் முகவெட்டை, அதாவது ஆப்பு வடிவில் எடுக்கும் வெட்டை, விட்டத்தில் கால் பங்கு ஆழத்தோடு நிறுத்துங்கள். பிறகு பின்னாலிருந்து அறுக்காமல், பக்கவாட்டில் பாரைக் குத்தி உள்ளே விடுங்கள். குத்தும்போது நுனியின் கீழ்ப்பாதியால் தொடங்குங்கள், மேல்பாதி பட்டால் எகிறும். முன்னால் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 40 செ.மீ. மரத்துக்கு 4 செ.மீ., கீல் போல விட்டுவிட்டு, பின்பக்கமாக அறுத்து வாருங்கள். பின்னால் ஐந்தாறு செ.மீ. கட்டையை அப்படியே விடுங்கள். அதுதான் மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். எல்லோரும் விலகிய பிறகு அந்தப் பிடியைக் கொஞ்சம் கீழே தள்ளி அறுத்தால் மரம் ஒரே மூச்சில் போய்விடும். நீங்கள் பின்பக்கம் சாய்வாக, 45 டிகிரியில், முன்பே புதர் வெட்டி வைத்த வழியில் விலக வேண்டும். மற்றவர்கள் மர உயரத்தில் இரண்டு மடங்கு தூரத்துக்கு அப்பால். குத்துவெட்டுப் பழக்கம் இல்லாதவர், தரையில் கிடக்கும் கட்டையில் பழகிவிட்டு வரட்டும்.

மின்கம்பியை ஒட்டிய கிளை. லைன்மேனுக்குப் போன் செய்து ஃபியூஸைப் பிடுங்கச் சொன்னால் போதுமா?
— வாசகி, சேலம்

போதாது. வீட்டு ஃபியூஸுக்கும் தெருக் கம்பிக்கும் சம்பந்தமே இல்லை. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, லைனை நிறுத்தி, அவர்கள் ஆள் வந்து கம்பியை எர்த் செய்த பிறகே ஏற வேண்டும். எர்த் ஏன் என்றால், தெருவில் யாராவது ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருந்தால் நிறுத்திய லைனிலும் மின்சாரம் திரும்பி வரும். 11 கே.வி. (11,000 வோல்ட்) கம்பியைத் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே தாவும். ஆள், கிளை, கருவி எதுவும் 10 அடிக்குள் போகக் கூடாது. அலுமினிய ஏணியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பச்சைக் கிளை மின்சாரம் கடத்தும். கிளை கம்பியில் சாய்ந்து, ஆள் மரத்தில் இருந்தால், கீழே இருப்பவர் தண்டைத் தொடக் கூடாது. முதலில் லைன் நிற்க வேண்டும்.

தென்னையில் தலை சுத்தம் செய்யும்போது பச்சை மட்டையையும் சேர்த்து வெட்டிவிடலாமா? சிவப்புக் கூன்வண்டு வருகிறதே.
— வாசகர், பட்டுக்கோட்டை

வெட்டுவதால்தான் வருகிறது. பச்சைக் காயத்தின் வாசனை கூன்வண்டை இழுக்கும். காய்ந்த மட்டை, பாளை, பன்னாடை மட்டும் எடுங்கள். பச்சை மட்டை தவிர்க்க முடியாதென்றால் தண்டிலிருந்து 120 செ.மீ. விட்டு வெட்டச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. வெட்டுவாயில் முட்டையிட்டாலும் புழு தண்டை எட்டாது. முள் வைத்த ஷூ போட்டு ஏறுவதும், படி வெட்டுவதும் தென்னைக்கு ஆகாது. வேம்பு மாதிரி அது பட்டை வளர்த்துக் காயத்தை மூடுகிற மரமில்லை. போட்ட ஓட்டை கடைசி வரை ஓட்டைதான். வெட்டிப் போட்ட தண்டையும் தோப்பில் மக்கவிடாதீர்கள், காண்டாமிருக வண்டு அதில் பெருகும்.

வேப்ப மரம் நுனி நுனியாகக் கருகுகிறது. அடியோடு எடுத்துவிடலாமா?
— வாசகி, ஈரோடு

அவசரப்படாதீர்கள். இது பெரும்பாலும் பூஞ்சையால் வரும் நுனிக்கருகல். மழைக்காலத்தில் பரவும், பிறகு பல மரங்கள் தளிர்த்துவிடும். கிளையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்த நுனியை மட்டும், பச்சை தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டி எரியுங்கள்.

சொந்த நிலத்து மரத்துக்கு அனுமதி வேண்டுமா?
— வாசகர், தென்காசி

மரத்தையும் இடத்தையும் பொறுத்தது. சந்தனத்துக்குத் தனி விதிகள், வனத்துறையைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது. தேக்கை வெட்டி லாரியில் ஏற்றினால் வழிச்சீட்டு வேண்டும். மலைப்பகுதி என்றால் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பனைக்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. வீட்டு வாசலில் நின்றாலும் சாலையோர மரம் உங்களுடையது அல்ல. அதற்கு மாவட்டப் பசுமைக் குழு வழியாகப் போக வேண்டும். வெட்டுபவர் அனுமதித் தாளைக் கண்ணால் பார்த்துவிட்டு மெஷினை எடுக்கட்டும். மாட்டினால் முதலில் பிடுங்கப்படுவது மெஷின்தான்.

விழுந்து அடிபட்டால் பணம் ஏதாவது கிடைக்குமா?
— வாசகர், நாகர்கோவில்

தென்னை ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்ஷா காப்பீடு உண்டு. பிரீமியத்தில் பெரும்பகுதியை வாரியமே கட்டுகிறது. மற்றவர்கள் குறைந்தபட்சம் வங்கியில் பிரதமர் சுரக்ஷா பீமா போட்டுக்கொள்ளுங்கள்: 18 முதல் 70 வயது வரை, வருடத்துக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு இது உதவாது.

கிளையில் கதண்டு (விஷக் குளவி) கூடு. புகை போட்டு விரட்டலாமா?
— வாசகர், மன்னார்குடி

வேண்டாம். கயிற்றில் கட்டுண்டவர் ஓட முடியாது. 101க்குப் போன் செய்து தீயணைப்புத் துறையிடம் விட்டுவிடுங்கள். அவர்கள் கூட்டை அழித்த மறுநாளும், கிளையைக் கீழிருந்து ஒரு முறை கயிறு வீசிக் குலுக்கிப் பார்த்த பிறகே ஏறுங்கள்.